வாஷிங்டனில் ஆள் மாறினால் காட்பாடி மாத்திரைக்கு என்ன ஆகும்?

காட்பாடி ஜங்ஷனில் வடக்கிலிருந்து வரும் ரயில் எது நின்றாலும், இறங்குகிறவர்களில் பலரின் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். உள்ளே ஸ்கேன் ஃபிலிம், மடித்து மடித்துக் கிழிந்த மருந்துச் சீட்டு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வந்து, பாலாற்றைத் தாண்டி வேலூர் சி.எம்.சி மருத்துவமனைக்குப் போகிறவர்கள். அவர்களை நம்பித்தான் ஸ்டேஷன் வாசல் ஆட்டோக்கள், லாட்ஜுகள், மெஸ்கள், மெடிக்கல் கடைகள் எல்லாம்.

அந்த மாத்திரை அட்டையை யாரும் சந்தேகத்தோடு பார்ப்பதில்லை. டாக்டர் எழுதினார், கடைக்காரர் கொடுத்தார், தண்ணீர் குடித்து விழுங்கியாயிற்று. அட்டையில் எழுதியிருக்கும் மருந்துதான் உள்ளே இருக்கிறதா, சொன்ன அளவில் இருக்கிறதா என்பதை நமக்காக வேறு யாரோ பார்த்திருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. அந்த 'யாரோ'தான் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை.

சரி, அந்தத் துறைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஆட்சியாளர் மாறினால்? துறையும் மாறுமா? நம் மாத்திரையும் மாறுமா?

2025 செப்டம்பர் கடைசி வாரத்தில் பல வீடுகளில் இந்தக் கேள்வி வந்தது.

டிரம்ப் சொன்னதும் டோலோ பயமும்

செப்டம்பர் 22-ம் தேதி, அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப் வெள்ளை மாளிகையில் பேசும்போது, கர்ப்பிணிகள் 'டைலனால்' சாப்பிட வேண்டாம் என்றார். அது குழந்தைக்கு ஆட்டிசம் வரக் காரணமாகலாம் என்பது அவர் பேச்சு. டைலனால் என்பது அங்கே விற்கும் பிராண்ட் பெயர். உள்ளே இருப்பது பாராசிட்டமால். அதாவது நம் ஊர் டோலோ, குரோசின், கால்பால்.

மறுநாளே அது வாட்ஸ்அப்பில் தமிழில் சுற்ற ஆரம்பித்தது. காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஏதாவது ஒரு மெடிக்கலில் இப்படி ஓர் உரையாடல் நடந்திருந்தால் ஆச்சரியமில்லை.

"அண்ணே, பொண்ணுக்கு ஆறாம் மாசம். நேத்துல இருந்து காய்ச்சல் அடிக்குது. டோலோ குடுக்கலாமா, வேணாமா? அமெரிக்காவுலயே வேணாம்னு சொல்லிட்டாங்களாமே."

"யாரும்மா சொன்னது? டாக்டரா?"

"இல்ல... அதிபர்னாங்க."

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அதே நாளில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ, மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் வெளியிட்டது. அதில், பாராசிட்டமாலால்தான் ஆட்டிசம் வருகிறது என்று நிரூபிக்கப்படவில்லை, இதற்கு மாறான முடிவு சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன என்று இருந்தது. இரண்டு நாள் கழித்து உலக சுகாதார நிறுவனமும் உறுதியான ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

அதிபர் சொன்னது ஒன்று, அவருக்குக் கீழே உள்ள துறை எழுதிக் கொடுத்தது இன்னொன்று. ஆனால், வாட்ஸ்அப்பில் கடிதம் வரவில்லை, பேச்சுதான் வந்தது. கர்ப்ப காலத்தில் கடும் காய்ச்சலை அப்படியே விடுவதும் ஆபத்துதான் என்பதால், இதில் முடிவு சொல்ல வேண்டியவர் பார்க்கும் மருத்துவர் மட்டுமே.

செருப்புக்கு வரி, மாத்திரைக்கு விலக்கு

வாஷிங்டனில் ஆள் மாறினால் என்ன ஆகும் என்பதை வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி இரண்டு தவணையாக ஏறி 50 சதவிகிதம் ஆனது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலையும் ஷூவையும் நம்பி இருக்கும் ஊர்களில் அந்த எண் கம்பெனி கேட் வரைக்கும் வந்தது.

அதே வரியில் மருந்துக்கு விலக்கு கொடுக்கப்பட்டது. காரணம் அன்பு இல்லை, தேவை. அமெரிக்காவில் டாக்டர்கள் எழுதும் மருந்துச் சீட்டுகளில் 100-க்கு 90 ஜெனரிக் மருந்துகள். அதாவது காப்புரிமைக் காலம் முடிந்து, பல கம்பெனிகள் மலிவாகத் தயாரிக்கும் மருந்துகள். அவற்றில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போகிறது. இந்தியா ஏற்றுமதி செய்யும் மருந்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு அமெரிக்காதான் சந்தை. ஷூ விலை ஏறினால் அமெரிக்கர் பழைய ஷூவையே இன்னும் ஆறு மாதம் போட்டுக்கொள்வார். பிரஷர் மாத்திரையை அப்படித் தள்ளிப்போட முடியாது.

செப்டம்பர் 25-ல் டிரம்ப் இன்னொரு அறிவிப்பு செய்தார். பிராண்டட், காப்புரிமை பெற்ற மருந்துகளுக்கு அக்டோபர் 1 முதல் 100 சதவிகித வரி. அதிலும் ஜெனரிக் இல்லை. சொன்ன தேதியில் அந்த வரி அமலுக்கும் வரவில்லை. பெரிய மருந்து கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்து விலைக் குறைப்புக்கு ஒப்பந்தம் போட ஆரம்பித்தன.

ஆக, ஆட்சி மாறினால் வரி மாறும், விலைப் பேச்சு மாறும். அது ஏற்றுமதிக் கணக்கு. மாத்திரையின் தரம் மாறுமா என்பது வேறு கணக்கு. அதற்கு, ஓர் அதிபருக்கு எவ்வளவு தூரம் கை நீளும் என்று பார்க்க வேண்டும்.

அதிபரால் எதைச் செய்ய முடியும்?

எஃப்.டி.ஏ-வுக்குத் தலைவரை அமெரிக்க அதிபர் பரிந்துரைப்பார், செனட் சபை ஒப்புதல் தரும். அதனால் அதிபர் மாறினால் பெரும்பாலும் எஃப்.டி.ஏ தலைவரும் மாறுவார். டிரம்ப் இரண்டாவது முறை வந்ததும், 2025 பிப்ரவரியில் ராபர்ட் கென்னடி ஜூனியர் சுகாதாரத் துறை அமைச்சரானார். மார்ச்சில் அறுவை சிகிச்சை நிபுணர் மார்ட்டி மக்காரி எஃப்.டி.ஏ தலைவராக ஒப்புதல் பெற்றார்.

ஆள் மாறிய கையோடு மூன்று விஷயங்கள் நடந்தன.

முதலாவது, ஆட்குறைப்பு. எஃப்.டி.ஏ-வில் சுமார் 3,500 பணியிடங்கள் குறைக்கப்படும் என்று மார்ச்சில் அறிவித்து, ஏப்ரல் 1-ல் நீக்கக் கடிதங்கள் வந்தன. மருந்துகளை மதிப்பிடுபவர்கள், ஆலைகளைச் சோதிப்பவர்கள் மீது கை வைக்கவில்லை என்று அரசு சொன்னது. ஆனால், அவர்களுக்குப் பின்னால் பயண ஏற்பாடும் கோப்பு வேலையும் செய்தவர்கள் பலர் போனார்கள்.

இரண்டாவது, சோதனை. வெளிநாட்டு ஆலைகளில் முன்கூட்டிச் சொல்லாமல் திடீர் சோதனை நடத்துவதை அதிகமாக்கப்போவதாக மே 6-ல் எஃப்.டி.ஏ அறிவித்தது. இது இந்தியாவுக்கு நேரடியாக வரும் செய்தி.

மூன்றாவது, விலை. மற்ற பணக்கார நாடுகளில் எந்த விலையோ, அந்த விலைக்கே அமெரிக்கருக்கும் மருந்து தர வேண்டும் என்று மே 12-ல் அதிபர் ஓர் உத்தரவு போட்டார்.

அதிபரால் முடியாததும் உண்டு. ஒரு மருந்து பாதுகாப்பானது, நோய்க்குப் பலன் தருவது என்று நிரூபித்தால்தான் விற்கலாம் என்பது நாடாளுமன்றம் போட்ட சட்டம். அதை ஓர் அதிபர் கையெழுத்தால் மாற்ற முடியாது. ஆனால், அந்தச் சட்டத்தை நடத்தும் ஆட்கள் மீது அழுத்தம் போட முடியும். அந்த அழுத்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2020 ஒரு பாடம்.

ஒரு மலேரியா மாத்திரையின் கதை

கொரோனாவின் ஆரம்ப மாதங்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரை கொரோனாவுக்குப் பெரிய தீர்வாகலாம் என்று டிரம்ப் திரும்பத் திரும்பச் சொன்னார். மார்ச் 28-ல் எஃப்.டி.ஏ அதற்கு அவசரகால அனுமதி கொடுத்தது.

அந்த மாத்திரையை உலகுக்கு அதிகம் தயாரிக்கும் நாடுகளில் ஒன்று இந்தியா. நமக்கே தேவைப்படலாம் என்று இந்தியா ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்தது. ஏப்ரல் 6-ல், கொடுக்காவிட்டால் பதிலடி இருக்கலாம் என்ற பொருளில் டிரம்ப் பேசினார். மறுநாள் இந்தியா தடையைத் தளர்த்தியது.

பிறகு? மாத்திரை கொரோனாவுக்குப் பலன் தரவில்லை என்று சோதனைகள் காட்டின. ஜூன் 15-ல் எஃப்.டி.ஏ தன் அனுமதியைத் தானே திரும்பப் பெற்றது. நடுவில் இருந்த இரண்டரை மாதம் கஷ்டப்பட்டவர்கள் வேறு ஆட்கள். மூட்டுவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் அந்த மாத்திரையை தினமும் சாப்பிடுகிறவர்கள், கடை கடையாக அலைந்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் அதே எஃப்.டி.ஏ வேறு மாதிரி நடந்தது. நவம்பரில் தேர்தல். அதற்கு முன் தடுப்பூசி வந்துவிட வேண்டும் என்ற அவசரம் வெள்ளை மாளிகைக்கு. ஆனால், ஊசி போட்டவர்களை இரண்டு மாதமாவது கண்காணித்த விவரம் வேண்டும் என்று எஃப்.டி.ஏ எழுத்தில் வைத்தது. முதல் தடுப்பூசிக்கு அனுமதி டிசம்பர் 11-ல்தான் வந்தது. தேர்தல் முடிந்து ஒரு மாதத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

ஒரே அதிபர், ஒரே துறை, ஒரே ஆண்டு. ஒரு முறை வளைந்தது, ஒரு முறை நிமிர்ந்து நின்றது.

அதிபர் மாறினார், கேள்வி மாறவில்லை

இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. 1960 ஆகஸ்டில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற பெண் மருத்துவர் எஃப்.டி.ஏ-வில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த மாதமே அவர் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தது. தாலிடோமைடு என்ற தூக்க மாத்திரை. ஐரோப்பாவில் கர்ப்பிணிகளும் குமட்டலுக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்து. பல நாடுகளில் விற்கிறது, இங்கேயும் அனுமதி கொடுங்கள் என்றது கம்பெனி.

கெல்சி, நீங்கள் கொடுத்த ஆதாரம் போதாது என்றார். கம்பெனி மறுபடி எழுதியது. அவர் மறுபடி போதாது என்றார். கம்பெனி ஆட்கள் நேரில் வந்தார்கள், போன் செய்தார்கள், மேலதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள்.

அந்தக் கோப்பு வந்தபோது அதிபர் ஐசன்ஹோவர். 1961 ஜனவரியில் ஜான் கென்னடி வந்தார். கட்சியே மாறியது. ஆனால், கோப்பைப் பார்த்தவர் அதே கெல்சி. கேட்ட கேள்வியும் அதே கேள்வி. அந்த நவம்பரில் ஜெர்மனியில் உண்மை வெளியே வந்தது. அந்த மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கை, கால் வளராத குழந்தைகள் பிறந்திருந்தன. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கில். 1962 மார்ச்சில் கம்பெனி அமெரிக்க விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு கென்னடி கெல்சிக்கு விருது கொடுத்தார். மருந்து பலன் தரும் என்று ஆதாரத்தோடு நிரூபித்தாக வேண்டும் என்ற சட்டத்திலும் அக்டோபரில் கையெழுத்துப் போட்டார்.

கோப்பைப் பார்க்கிற அதிகாரி 'போதாது' என்று எழுதினால், அவர் வேலை தப்புமா, தப்பாதா? ஒரு நாட்டின் மருந்துத் தரம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதிபர் மாறும்போது பயப்பட வேண்டியதும் இதை வைத்துத்தான்.

கடலுக்கு அந்தப் பக்கம்

அமெரிக்கா தூரம் என்றால், பக்கத்திலேயே ஒரு நாடு இருக்கிறது. ஆட்சி மாறும்போதெல்லாம் மருந்துக் கொள்கையும் மாறிய நாடு, இலங்கை.

1970-களின் தொடக்கத்தில் அங்கே சேனக பிபிலே என்ற மருந்தியல் பேராசிரியர், ஒரே மருந்தை நூறு பெயரில் இறக்குமதி செய்து ஏன் காசை வீணாக்க வேண்டும் என்று கேட்டார். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு அவர் பேச்சைக் கேட்டது. அரசு மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. தேவையான மருந்துகளின் பட்டியல் சுருக்கப்பட்டது, டெண்டர் போட்டு மலிவாக வாங்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வெளியிட்டது 1977-ல். அதற்கு முன்பே இலங்கை அந்தப் பாதையில் நடந்திருந்தது.

அதே 1977-ல் ஆட்சி மாறியது. அடுத்த ஆண்டு ஜே.ஆர்.ஜெயவர்த்தன ஜனாதிபதியானார். சந்தை திறந்துவிடப்பட்டது, தனியார் இறக்குமதி திரும்ப வந்தது. பிபிலே அந்தச் செப்டம்பரிலேயே காலமாகியிருந்தார். அவர் விரும்பிய மாதிரி மருந்துகளை ஒழுங்குபடுத்தும் தனி ஆணையத்துக்கு இலங்கை கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் காத்திருந்தது. முன்பு சுகாதார அமைச்சராக இருந்த மைத்திரிபால சிறிசேன 2015 ஜனவரியில் ஜனாதிபதியானார். மார்ச்சில் அந்தச் சட்டம் நிறைவேறியது.

சட்டம் வந்தால் போதுமா? 2022-ல் பொருளாதாரம் சரிந்தது, ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை. அந்த மே மாதம் தமிழ்நாடு அரசு அரிசி, பால் பவுடரோடு 137 வகை மருந்துகளையும் அனுப்ப ஏற்பாடு செய்தது பலருக்கு நினைவிருக்கும். தட்டுப்பாட்டு நேரத்தில் அவசரம் என்று சொல்லி, வழக்கமான பதிவு முறையைத் தாண்டியும் அங்கே மருந்து வாங்கினார்கள். 2023-ல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து விவகாரம் வெடித்தது. சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார்.

அமெரிக்கக் கதையும் இலங்கைக் கதையும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 'இப்போது அவசரம், சோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று மேலே இருப்பவர் சொல்லும் நாளில்தான் ஆபத்து தொடங்குகிறது.

நம் ஊரில் யார் பொறுப்பு?

இந்தியாவில் குடியரசுத் தலைவர் மாறினால் மருந்துக் கொள்கை மாறாது. அவர் அமைச்சரவையின் முடிவுக்குக் கையெழுத்திடுபவர். மருந்துகளுக்கான காப்புரிமை முறையை மாற்றிய அவசரச் சட்டத்தில் 2004 டிசம்பரில் கையெழுத்திட்டவர் அப்துல் கலாம். ஆனால், அந்த முடிவு அவருடையது அல்ல, அரசினுடையது.

இங்கே அடிப்படை, 1940-ம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். புதிய மருந்துக்கு அனுமதி தருவது டெல்லியில் இருக்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. ஆனால், மருந்து தயாரிக்கும் ஆலைக்கும், மருந்து விற்கும் கடைக்கும் லைசென்ஸ் கொடுப்பது பெரும்பாலும் மாநில அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. ஆலைக்குள் போய் பார்ப்பது, மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புவது எல்லாம் மருந்து ஆய்வாளர் வேலை. டிரக் இன்ஸ்பெக்டர் என்று கடைக்காரர்கள் சொல்வது அவரைத்தான்.

அவர் வராமல் போனால் என்ன நடக்கும்? அதையும் 2025-லேயே பார்த்துவிட்டோம்.

சுங்குவார்சத்திரத்திலிருந்து போன பாட்டில்

காட்பாடியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போனால் வழியில் வரும் ஊர் சுங்குவார்சத்திரம். காஞ்சிபுரம் மாவட்டம். அங்கே இருந்த ஸ்ரேசன் என்ற சிறிய மருந்து கம்பெனி 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் சிரப்பைத் தயாரித்தது. அது மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா வரைக்கும் போனது. அங்கே சளி, காய்ச்சலுக்கு அதைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் வருவது நின்றது. சிறுநீரகம் செயலிழந்து, 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

அக்டோபர் 1-ல் மத்தியப் பிரதேசத்திலிருந்து தமிழ்நாட்டுக்குத் தகவல் வந்தது. ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி விடுமுறை நாட்கள். அன்றே அதிகாரிகள் ஆலைக்குப் போனார்கள். மாதிரி லேபுக்குப் போனது, முடிவு உடனே வந்தது. சிரப்பில் 48.6 சதவிகிதம் டைஎத்திலீன் கிளைகால். இருக்கக்கூடிய உச்ச அளவு 0.1 சதவிகிதம். பெயின்ட், பிரேக் ஆயில் போன்றவற்றின் தயாரிப்பில் பயன்படும் ரசாயனம் அது. ஆலையில் 300-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் இருந்ததாக ஆய்வு அறிக்கை சொன்னது. உரிமையாளர் கைதானார். 13-ம் தேதி லைசென்ஸ் ரத்தானது.

தமிழ்நாட்டு அதிகாரிகள் இரண்டு நாளில் கண்டுபிடித்தது பாராட்டத்தக்கதுதான். ஆனால், அந்த ஆலை 2011-லிருந்து லைசென்ஸோடு இயங்கியது. இரண்டு ஆண்டுகளாக உரிய ஆய்வு நடத்தவில்லை என்று இரண்டு மருந்து ஆய்வாளர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். இரண்டு நாளில் முடிந்த வேலை, இரண்டு ஆண்டுகளாக நடக்கவில்லை. இதற்கு வாஷிங்டனில் யாரும் மாற வேண்டியிருக்கவில்லை. இங்கேயும் எந்த ஆட்சியும் மாறவில்லை.

இந்த விஷம் புதியதும் அல்ல. 1937-ல் அமெரிக்காவில் இதே டைஎத்திலீன் கிளைகால் கலந்த ஒரு டானிக்கால் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம்தான் எஃப்.டி.ஏ-வுக்குப் பல்லைக் கொடுத்தது. 1972-ல் சென்னையிலேயே, ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் இதே விஷத்தால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில், இந்தியாவிலிருந்து போன சிரப்புகளோடு தொடர்புபடுத்தப்பட்டு 60-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணம் உலகச் செய்தியானது.

காம்பியாவுக்குப் பிறகு இந்தியா ஒரு விதி கொண்டுவந்தது. 2023 ஜூன் 1 முதல், வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு இருமல் சிரப்பும் அரசு அங்கீகரித்த லேபில் சோதிக்கப்பட்டு, சான்றிதழோடுதான் கப்பல் ஏற வேண்டும். நல்ல விதி. ஆனால், அது ஏற்றுமதிக்கு மட்டும். சுங்குவார்சத்திரத்திலிருந்து சிந்த்வாராவுக்குப் போன பாட்டிலுக்கு அந்தச் சோதனை இல்லை. வெளிநாட்டுக் குழந்தைக்கு ஒரு சல்லடை, நம் குழந்தைக்கு இன்னொன்று என்று ஆகிவிட்டது.

வெளியிலிருந்து வரும் அழுத்தம் எப்போதும் கெட்டதல்ல என்பதும் இதில் தெரிகிறது. 2023-ல் சென்னையைச் சேர்ந்த குளோபல் ஃபார்மா நிறுவனத்தின் கண் சொட்டு மருந்தோடு தொடர்புடைய கிருமித் தொற்று அமெரிக்காவில் பரவியது. 81 பேர் பாதிக்கப்பட்டார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேர் இறந்தார்கள். அந்த ஆலைக்கு எஃப்.டி.ஏ ஆட்கள் முதல் முறையாக வந்ததே பிரச்னை வெடித்த பிறகுதான். அமெரிக்க அதிபர் யாராக இருந்தாலும், திடீர் சோதனைக்கு ஆள் அனுப்புகிறார் என்றால் அதில் நமக்கும் லாபம் உண்டு. ஆள் குறைத்து அந்தச் சோதனை நின்றுபோனால் நமக்கும் நஷ்டம். ஆனால், எஃப்.டி.ஏ பார்ப்பது அமெரிக்காவுக்குப் போகும் மருந்தை மட்டும். காட்பாடி மெடிக்கலுக்கு வரும் மருந்தை நம் ஆய்வாளர்தான் பார்த்தாக வேண்டும்.

அதனால் தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு, தண்ணீர், பஸ் கேட்பதோடு இதையும் கேட்கலாம். நம் மாவட்டத்தில் மருந்து ஆய்வாளர் பணியிடம் எத்தனை? அதில் ஆள் இருக்கிறார்களா? கடந்த ஆண்டு எத்தனை மாதிரி எடுத்தார்கள், எத்தனை தேறவில்லை?

வீட்டு மருந்து டப்பாவில் இன்றைக்கே செய்யக்கூடியவை

* பில் இல்லாமல் மருந்து வாங்காதீர்கள். பில்லில் பேட்ச் நம்பர் இருக்கும். நாளைக்கு ஒரு மருந்து தடை செய்யப்பட்டால், உங்கள் வீட்டில் இருப்பது அதுதானா என்று தெரிய அந்த எண்தான் வழி.

* அட்டையை வெட்டி நாலு மாத்திரை வாங்கினால், பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேட்டு, பில்லிலோ கவரிலோ எழுதி வாங்குங்கள்.

* அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் மீது, 2023 ஆகஸ்டுக்குப் பிறகு தயாரானவற்றில் பார்கோடு அல்லது க்யூ.ஆர் கோடு இருக்க வேண்டும் என்பது விதி. போனில் ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச், லைசென்ஸ் எண் வரும். அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

* சிறு குழந்தைகளுக்கு நீங்களாக இருமல் சிரப் வாங்கிக் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்துகள் கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. பெரிய குழந்தைக்கு வாங்கிய பாட்டிலில் மிச்சம் இருப்பதைச் சின்னதுக்குக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

* மருந்து சாப்பிட்ட பிறகு குழந்தை வழக்கத்தைவிட மிகக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ காத்திருக்காதீர்கள். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* மருந்தால் பக்க விளைவு என்று சந்தேகம் வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை.

* எந்த நாட்டுத் தலைவர் எந்த மாத்திரையைப் பற்றிப் பேசினாலும், அந்த வீடியோவைப் பார்த்து மருந்தை நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

காட்பாடியில் இறங்குகிற அந்தக் குடும்பம், ஊருக்குத் திரும்பும்போது இன்னும் கனமான ஒரு கவரோடு ரயில் ஏறும். அதில் ஒரு மாதத்துக்கான மாத்திரை, சில நேரம் மூன்று மாதத்துக்கானது. நிலம் அடகு வைத்து வந்தவர்களும் அதில் இருப்பார்கள். அவர்களுக்கு வாஷிங்டனில் யார், கொழும்பில் யார், டெல்லியில் யார் என்பது தெரியாமல் இருக்கலாம். அட்டையில் எழுதியிருப்பது உள்ளே இருந்தால் போதும்.